வல்லரசுகளுக்கு நடுவே பலம் குறைந்த நாடுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பலம் குறைந்த நாடு என்று எதைச் சொல்கிறோம்? பரப்பளவில் சிறியதையா?

பரப்பளவு பெரிய விஷயமில்லை. மங்கோலியா வரைபடத்தில் பெரிய நாடுதான். ஆனால் ரஷ்யாவுக்கும் சீனாவுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறது. சிங்கப்பூர் ஒரு நகரம் அளவுதான். ஆனால் கையில் பணமும் நல்ல ராணுவமும் இருக்கின்றன. எதிரே நிற்பது யார் என்பதை வைத்துத்தான் பலமும் பலவீனமும். தன்னை நெருக்க நினைக்கும் நாட்டைத் தனியாக நின்று தடுக்க முடியாத நாடு என்று வைத்துக்கொள்வோம். உலகில் பெரும்பாலான நாடுகள் இதில் அடங்கிவிடும்.

கடைசியில் பெரிய நாடு சொல்வதுதானே நடக்கும்? சின்ன நாட்டுக்குக் கொள்கை என்று என்ன இருக்கிறது?

கி.மு. 416-ல் பண்டைய கிரேக்கத்தின் ஏதென்ஸ் படை மீலோஸ் தீவுக்கு வந்து சரணடையச் சொன்னது. மீலோஸ் தலைவர்கள் நியாயம் பேசினார்கள், தெய்வம் கைவிடாது என்றார்கள், ஏதென்ஸின் எதிரியான ஸ்பார்ட்டா உதவிக்கு வரும் என்றார்கள். ஸ்பார்ட்டா வரவில்லை. தீவு விழுந்ததும் ஆண்களைக் கொன்றார்கள். பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக விற்றார்கள். சர்வதேச அரசியல் படிக்கப் போகிறவர்கள் முதல் வாரத்திலேயே கேட்கும் கதை இது. பலர் அதோடு பாடம் முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள்.

இன்னொரு தீவின் கதையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஐஸ்லாந்துக்கு ராணுவமே கிடையாது. 1970-களில் மக்கள்தொகை ஏறக்குறைய இரண்டே கால் லட்சம்தான். அந்த நாடு தன் மீன்பிடி எல்லையை 1958-ல் 12 கடல் மைல், 1972-ல் 50, 1975-ல் 200 என்று நீட்டிக்கொண்டே போனது. பிரிட்டன் போர்க்கப்பல்களை அனுப்பியது. ஐஸ்லாந்தின் ரோந்துப் படகுகள் பிரிட்டிஷ் மீன்பிடிக் கப்பல்களின் வலையை அறுத்துவிட்டன. 1976 பிப்ரவரியில் ஐஸ்லாந்து தூதரக உறவையே முறித்துக்கொண்டது. இரண்டுமே நேட்டோ உறுப்பு நாடுகள் என்பதுதான் இதில் வேடிக்கை! வடக்கு அட்லாண்டிக்கில் சோவியத் நீர்மூழ்கிகளைக் கண்காணிக்க அமெரிக்கா நம்பியிருந்த கெஃப்லாவிக் தளம் ஐஸ்லாந்தில் இருந்தது. "அந்தத் தளத்தை மூட வேண்டியிருக்கும்" என்ற பேச்சு எழுந்ததும் கூட்டாளிகள் பதறிவிட்டார்கள். 1976 ஜூனில் பிரிட்டன் இறங்கிவந்தது.

இரண்டு தீவுகளுக்கும் என்ன வித்தியாசம்? மீன் ஐஸ்லாந்துக்கு உயிர். ஏற்றுமதியே அதை நம்பித்தான் இருந்தது. பிரிட்டனுக்கோ அது சில துறைமுக நகரங்களின் பிரச்சினை. மீலோஸ் விஷயத்தில் ஏதென்ஸ் தன் கடல் சாம்ராஜ்யத்தின் மரியாதையே பணயத்தில் இருப்பதாக நினைத்தது. ஒரு விஷயம் நமக்கு எவ்வளவு முக்கியம், எதிராளிக்கு எவ்வளவு முக்கியம் என்பதில் உள்ள இடைவெளிதான் பலம் குறைந்த நாடு நடமாடக்கூடிய இடம். பெரிய நாட்டுக்கு ஒரே நேரத்தில் நூறு தலைவலிகள்; சின்ன நாட்டுக்கு அன்றைக்கு ஒன்றுதான். கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் இந்த இடைவெளியைச் சுற்றியே போகின்றன.

பொதுவாக என்னென்ன வழிகளைக் கையாள்கிறார்கள்?

ஒரு பெரிய நாட்டின் கூட்டணியில் சேர்ந்து அதன் நிழலில் நிற்பது ஒன்று. மிரட்டும் நாட்டோடே இணங்கிப்போவது இன்னொன்று. சட்டப்படி நடுநிலை அறிவிப்பது, எந்தப் பக்கமும் முழுதாகச் சாயாமல் எல்லோரோடும் கொஞ்சம் கொஞ்சம் உறவு வைத்துக்கொள்வது, யார் கண்ணிலும் படாமல் ஒதுங்கி இருப்பது ஆகியவையும் உண்டு. எந்த நாடும் இதில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு இருப்பதில்லை. பாதுகாப்புக்கு ஒருவர், வியாபாரத்துக்கு இன்னொருவர் என்று வைத்துக்கொள்வது இன்று ஆசியாவில் சாதாரணம்.

கண்ணில் படாமல் இருப்பதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். பூட்டான் 1971-ல் ஐ.நா.வில் சேர்ந்தது. ஆனால் பாதுகாப்பு கவுன்சிலின் ஐந்து நிரந்தர உறுப்பினர்களில் ஒருவரோடும் முறையான தூதரக உறவு வைத்துக்கொள்ளவில்லை. ஒரு வல்லரசுக்கு வாசலைத் திறந்தால் மற்றவர்களும் வந்து கதவைத் தட்டுவார்கள் என்று அதன் கணக்கைப் புரிந்துகொள்ளலாம். 1949 ஒப்பந்தத்தில், வெளியுறவில் இந்தியாவின் ஆலோசனைப்படி நடப்போம் என்று ஒரு ஷரத்து இருந்தது. அதை ஆர்ப்பாட்டமில்லாமல் 2007-ல் திருத்தி வாங்கிக்கொண்டார்கள்.

நடுநிலை நாடு என்று அறிவித்துவிட்டால் பாதுகாப்பு கிடைத்துவிடாதா?

அறிவிப்பு மட்டும் போதாது. பெல்ஜியத்தின் நடுநிலைக்கு 1839 லண்டன் ஒப்பந்தத்தில் ஐரோப்பாவின் பெரிய நாடுகள் எல்லாம் கையெழுத்துப் போட்டிருந்தன. அதில் பிரஷ்யாவும் ஒன்று. 1914 ஆகஸ்டில் அந்தப் பிரஷ்யா தலைமையில் உருவான ஜெர்மனியே பெல்ஜியத்துக்குள் நுழைந்தது. பிரான்ஸைத் தாக்க அதுதான் வசதியான பாதை. லாவோஸின் நடுநிலையை 1962 ஜெனீவா மாநாட்டில் பதினான்கு நாடுகள் ஏற்றுக்கொண்டன. அதன் பிறகுதான் அந்த நாட்டின் மீது வருடக்கணக்கில் குண்டு விழுந்தது. வடக்கு வியட்நாம் படைகள் தெற்கே போகும் பாதை லாவோஸ் வழியாக ஓடியது. நடுநிலைக் காகிதத்தை யார் பார்க்கப் போகிறார்கள்?

சுவிட்சர்லாந்தின் நடுநிலை 1815 வியன்னா மாநாட்டிலிருந்து நிலைத்திருக்கிறது. மலைகள் உதவின, எல்லா இளைஞர்களுக்கும் ராணுவப் பயிற்சி கொடுக்கும் வழக்கம் உதவியது, சுற்றியிருந்த எல்லோருக்கும் அந்த இடம் காலியாக இருப்பது பிடித்திருந்தது. ஆஸ்திரியா 1955-ல் நடுநிலைக்குச் சம்மதித்ததும், இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கே இருந்த நான்கு நாட்டுப் படைகளும் வெளியேறின. அங்கேயும் அதுதான் கதை: அந்த நேரத்தில் இரு தரப்புக்கும் அது ஒத்துவந்தது. அந்த நிலத்தின் வழியே யாருக்காவது அவசரமாகப் போக வேண்டியிருக்கிறதா என்று பார்த்தாலே நடுநிலையின் ஆயுள் பாதி தெரிந்துவிடும்.

பின்லாந்தை ஏன் எல்லோரும் உதாரணமாகச் சொல்கிறார்கள்?

இணங்கிப்போவதில் எதை விடலாம், எதை விடக் கூடாது என்பதை அவ்வளவு துல்லியமாகப் பிரித்துக் காட்டிய நாடு வேறு இல்லை என்பது என் எண்ணம். சிலர் அதை வெட்கக்கேடு என்றும் சொல்வார்கள். அந்தப் பேச்சிலும் விஷயம் இருக்கிறது.

1939 நவம்பர் 30 அன்று சோவியத் படை பின்லாந்துக்குள் புகுந்தது. மூன்றரை மாதம் பின்லாந்து தாக்குப்பிடித்தது; எதிரிக்குப் பெரும் இழப்பை உண்டாக்கியது. 1941-ல் ஜெர்மனியோடு சேர்ந்து மறுபடி போரிட்டு, 1944-ல் தோற்றது. நிலப்பரப்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு போனது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட கரேலிய மக்கள் வீட்டை விட்டு வந்தார்கள். 30 கோடி டாலர் இழப்பீடு, அதற்கு மேல் தலைநகர் ஹெல்சின்கிக்குப் பக்கத்திலேயே போர்க்கலா தீபகற்பத்தில் சோவியத் கடற்படைத் தளம்.

இந்த நிலையில் ஜனாதிபதி பாசிகிவியும் அவருக்குப் பின் வந்த கெக்கோனனும் ஒரு கணக்குப் போட்டார்கள். மாஸ்கோவுக்கு உண்மையில் வேண்டியது என்ன? பின்லாந்து வழியாக மறுபடி யாரும் லெனின்கிராடைத் தாக்கக் கூடாது. சரி, அந்த உறுதியைக் கொடுத்துவிடுவோம். அதற்குப் பதிலாக நாடாளுமன்றம், தேர்தல், நீதிமன்றம், தனியார் தொழில் எல்லாம் நம் கையில் இருக்கட்டும். 1947-ல், போரில் சிதைந்த ஐரோப்பாவுக்கு அமெரிக்கா தர முன்வந்த மார்ஷல் உதவியை வேண்டாம் என்றார்கள். 1948-ல் கையெழுத்தான நட்புறவு ஒப்பந்தத்தில், ஜெர்மனியோ அதன் கூட்டாளிகளோ பின்லாந்து வழியாகத் தாக்கினால் மட்டும் என்று கடமையைச் சுருக்கி எழுதவைத்தார்கள். சோவியத் உதவி வருவதும் இருவரும் ஒத்துக்கொண்டால்தான். கிழக்கு ஐரோப்பாவின் மற்ற நாடுகள் போட்ட ஒப்பந்தங்களில் இந்தச் சுருக்கம் இல்லை. இழப்பீட்டை 1952-க்குள் கட்டி முடித்தார்கள். ஐம்பது வருடக் குத்தகையில் இருந்த போர்க்கலா 1956-லேயே திரும்பி வந்துவிட்டது.

இதற்கு விலையும் கொடுத்தார்கள். 1961 அக்டோபரில் மாஸ்கோ ராணுவ ஆலோசனை கேட்டுக் கடிதம் அனுப்பியபோது கெக்கோனன் நோவோசிபிர்ஸ்க் வரை போய் சோவியத் தலைவர் குருஷ்சேவைச் சந்தித்துச் சமாதானப்படுத்தினார். அதே நேரத்தில் அவரை எதிர்த்து நிற்க இருந்த வேட்பாளர் விலகிக்கொண்டார். பத்திரிகைகள் தாங்களாகவே வாயை அடக்கிக்கொண்டன. கெக்கோனன் இருபத்தைந்து ஆண்டுகள் ஜனாதிபதியாக இருந்தார். 1973-ல் தேர்தலே இல்லாமல் தனிச் சட்டம் போட்டுப் பதவிக்காலத்தை நீட்டினார்கள். வெளியே கொடுத்த மரியாதை மெல்ல உள்ளேயும் வந்துவிட்டது.

பின்லாந்தைப் பின்பற்றலாம் என்று மற்ற நாடுகளுக்கு எளிதாக யோசனை சொல்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். முதலில் அந்த மூன்றரை மாதப் போர் நடந்தது. இந்த நாட்டை விழுங்கினால் தொண்டையில் சிக்கும் என்று மாஸ்கோவுக்குத் தெரிந்த பிறகுதான் பேரம் படிந்தது. 2023 ஏப்ரலில் பின்லாந்து நேட்டோவில் சேர்ந்ததும் அதே கணக்கை மறுபடி போட்டுப் பார்த்ததன் விளைவுதான். உக்ரைனைப் பார்த்ததும், இணக்கத்துக்கு இனி அந்த விலை கிடைக்காது என்று முடிவு செய்தார்கள்.

நிலத்தை விட்டுக்கொடுத்துச் சுதந்திரத்தைக் காப்பாற்றிய நாடு உண்டா?

சயாம், அதாவது இன்றைய தாய்லாந்து. மேற்கே பர்மாவிலும் தெற்கே மலாயாவிலும் பிரிட்டன், கிழக்கே பிரான்ஸ். 1893-ல் பிரெஞ்சுக் கப்பல்கள் பாங்காக் வரை வந்து மிரட்டியதும் மேகாங் ஆற்றின் இடது கரையைக் கொடுத்தார்கள். 1907-ல் பட்டம்பாங், சியம் ரீப் பகுதிகள் பிரான்ஸுக்கு. 1909-ல் கெடா, கிளந்தான், திரங்கானு, பெர்லிஸ் பிரிட்டனுக்கு. நடுவில் 1896-ல் பிரிட்டனும் பிரான்ஸும், நாட்டின் மையமான சாவ் பிரயா சமவெளியை இருவரும் தொடுவதில்லை என்று ஒப்பந்தம் செய்துகொண்டன. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு மெத்தை தேவைப்பட்டது. சயாம் அந்த மெத்தையாக இருக்கச் சம்மதித்து மையத்தைக் காப்பாற்றிக்கொண்டது. விட்டுக்கொடுத்த பகுதிகளில் வாழ்ந்தவர்களை யாரும் கேட்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இரண்டாம் உலகப் போரில் இதே நாடு ஜப்பானோடு சேர்ந்து 1942 ஜனவரியில் அமெரிக்கா மீது போர் அறிவித்தது. வாஷிங்டனில் இருந்த தூதர் சேனி பிரமோஜ் அந்த அறிவிப்பைக் கொடுக்கவே மறுத்துவிட்டு, ஜப்பானுக்கு எதிரான இயக்கத்தைத் தொடங்கினார். போர் முடிந்ததும் அமெரிக்கா தாய்லாந்தை எதிரி நாடாக நடத்தவில்லை. அந்தத் தூதர் பிரதமரும் ஆனார்.

இரண்டு வல்லரசுகளையும் மோதவிட்டு லாபம் பார்க்க முடியுமா?

முடியும், கொஞ்ச காலத்துக்கு. எகிப்தின் அஸ்வான் அணைக்குக் கடன் தருவதாகச் சொன்ன அமெரிக்கா 1956 ஜூலையில் பின்வாங்கியது. ஒரே வாரத்தில் எகிப்து ஜனாதிபதி நாசர் சூயஸ் கால்வாயை நாட்டுடைமை ஆக்கினார். பிரிட்டன், பிரான்ஸ், இஸ்ரேல் சேர்ந்து தாக்கின. அமெரிக்காவும் சோவியத் யூனியனும் இரண்டுமே அவர்களை வெளியேறச் சொல்லி நெருக்கின. அணைக்கு சோவியத் பணமும் பொறியாளர்களும் வந்தார்கள். வரலாற்றில் இவ்வளவு நல்ல வேளை எல்லோருக்கும் அமைவதில்லை. நாசருக்குப் பின் வந்த சதாத் 1972-ல் ஆயிரக்கணக்கான சோவியத் ராணுவ ஆலோசகர்களை வெளியேற்றிவிட்டு, சில ஆண்டுகளில் அமெரிக்கப் பக்கம் போய்விட்டார். யூகோஸ்லாவியாவின் டிட்டோ 1948-ல் ஸ்டாலினோடு முறித்துக்கொண்டு, கம்யூனிஸ்டாக இருந்துகொண்டே மேற்கின் உதவியையும் வாங்கினார்.

என்னைக் கேட்டால், இவர்களைவிட 1952-ல் இலங்கை செய்தது கூர்மையான வேலை. கொரியப் போர் நேரம். சீனாவுக்கு ரப்பர் போன்ற பொருள்களை விற்கக் கூடாது என்று ஐ.நா. தடை. இலங்கை அப்போது ஐ.நா. உறுப்பினர் இல்லை. அரிசிக்குத் தட்டுப்பாடு, ரப்பர் விலையோ சரிந்துகொண்டிருந்தது. கம்யூனிஸத்தை எதிர்க்கும் கட்சியின் ஆட்சிதான் கொழும்பில். சீனாவில் தூதரகம்கூடக் கிடையாது. ஆனாலும் வருடத்துக்கு 2,70,000 டன் அரிசிக்கு 50,000 டன் ரப்பர் என்று ஐந்து வருட ஒப்பந்தம் போட்டார்கள். ரப்பருக்குச் சந்தை விலையைவிட அதிகம் கிடைத்தது. அமெரிக்கா கோபப்பட்டு உதவியை நிறுத்தியது. கொழும்பு கொள்கை விளக்கமெல்லாம் கொடுக்கவில்லை. மக்களுக்குச் சோறு வேண்டும் என்றது. வல்லரசுப் போட்டியில் பக்கம் மாறுகிறோம் என்று ஒரு வார்த்தை பேசியிருந்தால் விஷயம் வேறு மாதிரி போயிருக்கும்.

இந்த ஆட்டம் கெட்டுப்போவது மூன்று சந்தர்ப்பங்களில். போட்டியாளர்கள் இருவரும் சமரசமாகிவிட்டால் நம் விலை இறங்கிவிடும். அடிக்கடி மாறினால் நம் வார்த்தைக்கு மதிப்பு போய்விடும். பசிபிக் தீவு நாடான நவ்ரு 2002-ல் தைவானை விட்டுச் சீனாவுக்கும், 2005-ல் திரும்பத் தைவானுக்கும், 2024-ல் மறுபடி சீனாவுக்கும் அங்கீகாரத்தை மாற்றியது. அதற்கு அடுத்த முறை என்ன விலை கிடைக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மூன்றாவது, தேர்தல் மேடைப் பேச்சு. "இந்தியாவே வெளியேறு" என்று முழங்கி 2023-ல் மாலத்தீவு ஜனாதிபதியானார் முய்சு. இந்திய ராணுவத்தினர் 2024 மே மாதம் போனார்கள். அவர்கள் இடத்துக்கு இந்தியாவின் சிவில் தொழில்நுட்பப் பணியாளர்கள் வந்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் அந்நியச் செலாவணி நெருக்கடியில் அவர் டெல்லிக்கு வந்து 40 கோடி டாலர் நாணயப் பரிமாற்ற வசதியை வாங்கிக்கொண்டு போனார்.

அணிசேரா இயக்கத்தால் ஏதாவது பயன் இருந்ததா?

ராணுவப் பாதுகாப்பு என்ற வகையில் இல்லை. 1955 பாண்டுங்கில் 29 நாடுகளும் 1961 பெல்கிரேடில் 25 நாடுகளும் கூடின. அந்த மேடையில் இருந்தவர்களே பிறகு ஒருவரோடு ஒருவர் போரிட்டார்கள். ஆனால் "எங்கள் பக்கமா, அவர்கள் பக்கமா" என்ற கேள்விக்கு மூன்றாவது பதில் சொல்வது மரியாதைக்குரிய விஷயம் என்று ஆக்கியது அந்த இயக்கம்தான். காலனி ஆட்சியை எதிர்த்து ஐ.நா.வில் பெரும்பான்மை திரண்டதற்கும் அதில் பங்கு உண்டு.

இரண்டு பெரிய நாடுகளுக்கு நடுவில், கடலே இல்லாமல் இருக்கும் நாடு என்ன செய்யும்?

நேபாளத்தை இரண்டு பாறைகளுக்கு நடுவில் உள்ள கிழங்கு என்று பதினெட்டாம் நூற்றாண்டிலேயே பிருத்வி நாராயண் ஷா வர்ணித்தார். 2015-ல் புதிய அரசியல் சட்டம் வந்தபோது இந்திய எல்லை வழியே எரிபொருள் வருவது மாதக்கணக்கில் தடைபட்டது. தடை போட்டதை இந்தியா மறுத்தது. எல்லையில் நடந்த போராட்டமே காரணம் என்றது. அடுத்த மார்ச்சில் நேபாளம் சீனத் துறைமுகங்களைப் பயன்படுத்த ஒப்பந்தம் செய்தது. காகிதத்தில் அது பெரிய விஷயம். ஆனால் சீனத் துறைமுகத்துக்குப் போக இமயமலையையும் திபெத்தையும் தாண்ட வேண்டும். கொல்கத்தா பக்கத்திலேயே இருக்கிறது. அந்த ஒப்பந்தத்தை மேசையில் காட்டிப் பேசலாம், சரக்கு அதன் வழியே வந்து குவியாது.

மங்கோலியா இதை நன்றாக யோசித்திருக்கிறது. அமெரிக்கா, ஜப்பான், தென் கொரியா, ஐரோப்பா, இந்தியா எல்லாவற்றையும் 'மூன்றாவது அண்டை நாடு' என்று அழைத்து உறவு வளர்க்கிறது. ஆனாலும் எதுவரை போகலாம் என்று அதற்குத் தெரிந்துதான் இருக்கிறது. 2016 நவம்பரில் தலாய் லாமா வந்து போனார். சீனா கடன் பேச்சை நிறுத்தி, எல்லையில் சரக்குக்குக் கூடுதல் கட்டணம் போட்டது. அடுத்த மாதமே இனி அவரை அழைக்க மாட்டோம் என்று மங்கோலிய வெளியுறவு அமைச்சர் சொல்ல வேண்டியதாயிற்று. 2024 செப்டம்பரில் புதின் வந்தார். அவருக்குப் பிடியாணை பிறப்பித்திருந்த சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தின் உறுப்பு நாடு என்ற முறையில் மங்கோலியா அவரைக் கைது செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. பெட்ரோலியப் பொருள்களில் 90 சதவீதத்துக்கும் மேல் ரஷ்யாவிலிருந்து வாங்கும் நாடு வேறென்ன செய்யும்?

பெரிய நாடு எழுத்தில் கொடுக்கும் பாதுகாப்பு உறுதியை நம்பலாமா?

பிரான்ஸோடு உடன்படிக்கை வைத்திருந்த செக்கோஸ்லோவாக்கியாவின் நிலத்தில் ஒரு பகுதியை 1938 செப்டம்பரில் மியூனிக்கில் பிரிட்டனும் அதே பிரான்ஸும் ஹிட்லருக்கு விட்டுக்கொடுத்தன. செக் பிரதிநிதிகளைப் பேச்சு நடந்த அறைக்குள் விடவே இல்லை. 1994 டிசம்பரில் புடாபெஸ்டில் ரஷ்யா, அமெரிக்கா, பிரிட்டன் மூன்றும் உக்ரைனின் எல்லைகளை மதிப்பதாக எழுதிக் கொடுத்தன. உக்ரைன் தன் மண்ணில் இருந்த அணு ஆயுதங்களை ஒப்படைத்தது. அந்தத் தாளில் 'மதிப்போம்' என்று இருந்ததே தவிர, யாராவது மீறினால் படை அனுப்புவோம் என்று இல்லை. 2014-ல் கிரிமியா ரஷ்யாவின் கைக்குப் போனது.

எழுத்தில் உறுதி இருக்கிறதா என்பதைவிட, அதைக் காப்பாற்றுவதில் கொடுத்தவருக்கு என்ன லாபம் என்று கேட்பதே பயன்படும். அந்த ஆதாயம் இல்லாமல் அரைகுறையாக வரும் உறுதி இன்னும் ஆபத்து. 2008 ஏப்ரலில் புக்கரெஸ்டில் நேட்டோ நாடுகள், ஜார்ஜியாவும் உக்ரைனும் ஒருநாள் உறுப்பினர் ஆகும் என்று அறிவித்தன. தேதி சொல்லவில்லை, பாதுகாப்பும் தரவில்லை. அது ரஷ்யாவைச் சீண்டவும் ஜார்ஜியாவுக்குத் தைரியம் கொடுக்கவும் போதுமானதாக இருந்தது, தடுக்கப் போதவில்லை. ஆகஸ்டில் ரஷ்யாவுக்கும் ஜார்ஜியாவுக்கும் நடந்த போர் ஐந்தே நாளில் முடிந்தது.

ராணுவத் தளத்துக்கு இடம் கொடுப்பது புத்திசாலித்தனமா?

கிழக்கு ஆப்பிரிக்காவின் ஜிபூட்டி அமெரிக்கா, பிரான்ஸ், ஜப்பான், இத்தாலி, 2017 முதல் சீனா என்று எல்லோருக்கும் இடம் கொடுத்து வாடகை வாங்குகிறது. எல்லோரும் இருப்பதால் யாருக்கும் அந்த நாட்டைக் குலைக்க மனம் வராது என்பது கணக்கு. கத்தாரின் அல் உதெய்த் தளம் மத்தியக் கிழக்கில் அமெரிக்காவின் மிகப் பெரிய தளம். ஆனால் 2025 ஜூனில் ஈரான் அதே தளத்தின் மீது ஏவுகணை வீசியது. செப்டம்பரில், அமெரிக்காவின் நெருங்கிய நண்பனான இஸ்ரேல் கத்தார் தலைநகர் தோஹாவில் ஹமாஸ் தலைவர்களைக் குறிவைத்துத் தாக்கியது. தளம் இருந்தும் இரண்டும் நடந்தன.

தளத்தை வேண்டாம் என்பதற்கும் செலவு உண்டு. பிலிப்பைன்ஸ் செனட் 1991 செப்டம்பரில் 12-க்கு 11 என்ற வாக்கில் தள ஒப்பந்தத்தை நிராகரித்தது. 1992 கடைசியில் அமெரிக்கர்கள் சூபிக் விரிகுடாவை விட்டுப் போனார்கள். 1995-ல், பிலிப்பைன்ஸ் தனது என்று சொல்லும் மிஸ்சீஃப் பவளத் திட்டில் சீனக் கட்டுமானங்கள் எழுந்திருந்தன. ஒன்று இன்னொன்றுக்கு நேரடிக் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். மணிலாவில் பலர் அப்படித்தான் பார்க்கிறார்கள்.

கடன் வாங்கினால் வெளியுறவுக் கொள்கையும் அடகு போய்விடுமா?

இலங்கையின் அம்பாந்தோட்டைதான் இதற்கு எல்லோரும் காட்டும் உதாரணம். 2017-ல் அந்தத் துறைமுகம் 112 கோடி டாலருக்கு, 99 ஆண்டுக் குத்தகைக்கு ஒரு சீன நிறுவனத்திடம் போனது. கடனைக் கட்டாததால் சீனா பிடுங்கிக்கொண்டது என்று சொல்வது சரியில்லை. குத்தகைப் பணம் அந்தத் துறைமுகக் கடனை அடைக்கப் போகவில்லை; டாலர் இருப்பைத் தூக்க உதவியது. இலங்கையின் வெளிக்கடனில் பெரிய பங்கு சர்வதேசச் சந்தையில் விற்ற கடன் பத்திரங்கள்.

ஆனாலும் கேள்வியில் நியாயம் உண்டு. 2022 ஆகஸ்டில் யுவான் வாங் 5 என்ற சீனக் கண்காணிப்புக் கப்பல் அம்பாந்தோட்டைக்கு வரக் கேட்டபோது, இலங்கை ஏற்கனவே கடனைக் கட்ட முடியாமல் கைவிரித்திருந்தது. ஒரு பக்கம் கடன் மறுசீரமைப்புக்குச் சீனாவின் சம்மதம் வேண்டும். இன்னொரு பக்கம் அந்த ஆண்டு ஏறக்குறைய 400 கோடி டாலர் உதவிய இந்தியா எதிர்த்தது. முதலில் தள்ளிப்போடச் சொன்னார்கள், பிறகு அனுமதித்தார்கள். பின்னால் 2024 தொடக்கத்தில் எந்த நாட்டு ஆய்வுக் கப்பலுக்கும் ஒரு வருடம் அனுமதி இல்லை என்று பொதுத்தடை போட்டார்கள். இந்தியாவுக்காக என்று சொல்லாமல் எல்லோருக்கும் என்று சொன்னது பழைய, நல்ல உத்தி. கையிருப்பில் ஆறு மாத இறக்குமதிக்கு டாலர் இருக்கும் நாடு அந்தத் தடையை முதல் நாளே போட்டிருக்கும்.

ஐ.நா.வும் சர்வதேச நீதிமன்றமும் இவர்களுக்கு உண்மையில் உதவுமா?

தீர்ப்பை அமல்படுத்தப் போலீஸ் கிடையாது. நிகரகுவா 1986-ல் அமெரிக்காவுக்கு எதிராக சர்வதேச நீதிமன்றத்தில் வென்றது, அமெரிக்கா பொருட்படுத்தவில்லை. தென் சீனக் கடல் வழக்கில் 2016-ல் ஒரு நடுவர் மன்றத்தில் பிலிப்பைன்ஸ் வென்றதைச் சீனா ஏற்கவில்லை. ஆனால் பொறுமையாக, ஒரே விஷயத்தைப் பிடித்துக்கொண்டு போனால் பலன் வருகிறது. பிரிட்டன் வசம் இருந்த சாகோஸ் தீவுகளுக்காக மொரிஷியஸ் பல ஆண்டுகள் விடாமல் போராடியது. 2019-ல் சர்வதேச நீதிமன்றத்தின் ஆலோசனைக் கருத்தைப் பெற்று, பொதுச்சபையில் 116-க்கு 6 என்று தீர்மானமும் நிறைவேற்றியது. 2025 மே மாதம் பிரிட்டன் இறையாண்மையை ஒப்படைக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. அந்த ஒப்பந்தப்படி தியாகோ கார்சியா ராணுவத் தளம் மட்டும் 99 ஆண்டுக் குத்தகையில் பிரிட்டன் கையிலேயே இருக்கும். மீண்டும் அதே இடைவெளிதான்: தளம் அவர்களுக்கு முக்கியம், மற்ற தீவுகள் அவ்வளவு இல்லை.

சட்டத்தை நம்பும் நாடு நண்பர்களிடமும் அதைப் பேச வேண்டியிருக்கும். யாழ்ப்பாணத்தில் பிறந்த ராஜரத்தினம் முதல் வெளியுறவு அமைச்சராக இருந்து வளர்த்த சிங்கப்பூரின் வெளியுறவு அமைச்சு, கம்போடியாவுக்குள் புகுந்த வியட்நாமை 1979-ல் கண்டித்தது. 1983-ல் கிரெனடாவுக்குள் அமெரிக்கா புகுந்தபோது, நெருங்கிய நட்பு இருந்தும் அதைக் கண்டிக்கும் தீர்மானத்துக்கு வாக்களித்தது. வாஷிங்டனுக்குப் பிடிக்கவில்லை, ஆனால் உறவு முறியவும் இல்லை.

இப்போது இந்த ஆட்டத்தை நன்றாக ஆடும் நாடு எது?

வியட்நாம் என்று சொல்வேன். 1978-ல் சோவியத் யூனியனோடு ஒப்பந்தம் போட்டது. மூன்று மாதம் கழித்து சீனா படையெடுத்தபோது மாஸ்கோ ஆயுதம் கொடுத்ததே தவிர போருக்கு வரவில்லை. அதிலிருந்து கற்றுக்கொண்டார்கள். 1991-ல் சீனாவோடும் 1995-ல் அமெரிக்காவோடும் உறவைச் சரிசெய்தார்கள். ராணுவக் கூட்டணி இல்லை, ஒரு நாட்டோடு சேர்ந்து இன்னொரு நாட்டை எதிர்ப்பதில்லை, அந்நியத் தளம் இல்லை, பலப்பிரயோகமோ மிரட்டலோ இல்லை என்று நான்கு 'இல்லை'களை வெள்ளை அறிக்கையிலேயே எழுதிவைத்தார்கள். 2023 செப்டம்பரில் பைடன், டிசம்பரில் ஷி ஜின்பிங், 2024 ஜூனில் புதின் என்று மூவரும் ஹனோய் வந்து போனார்கள். பெய்ஜிங் கவலைப்படுவது அமெரிக்கத் தளத்தைப் பற்றி. அதை இல்லை என்று சொல்லிவிட்டதால் மற்றதில் தாராளமாக நடமாடுகிறார்கள். ஒரே கட்சி ஆட்சி என்பதால் எதிர்க்கட்சி மேடையில் இதைக் கிழிப்பதில்லை. அந்த வசதி ஜனநாயக நாடுகளுக்குக் கிடையாது.

இத்தனையையும் கவனிக்க ஆள் வேண்டாமா? சின்ன நாட்டின் வெளியுறவுத் துறையில் எத்தனை பேர்தான் இருப்பார்கள்?

குறைவுதான். ஒரு தூதரே நான்கைந்து நாடுகளுக்குப் பொறுப்பாக இருப்பது சாதாரணம். அதனால் எல்லாவற்றிலும் கருத்துச் சொல்ல ஆசைப்படாமல் ஒன்றிரண்டு விஷயங்களில் உலகிலேயே அதிகம் தெரிந்தவர்களாக இருக்கப் பார்க்கிறார்கள். பெரிய நாட்டுத் தூதர் மூன்று வருடத்தில் மாற்றலாகிப் போவார். இவர்கள் இருபது வருடம் அதே கோப்போடு உட்கார்ந்திருப்பார்கள். ஐ.நா.வில் சிங்கப்பூர் முயற்சியில் 1992-ல் தொடங்கிய சிறிய நாடுகளின் மன்றம், 1990-ல் உருவான சிறு தீவு நாடுகளின் கூட்டமைப்பு போன்றவை இந்த வேலையைப் பங்குபோட்டுக்கொள்ளத்தான்.

மால்டா சுதந்திரம் பெற்றது 1964-ல். மூன்றே வருடத்தில், 1967 நவம்பரில், அதன் ஐ.நா. தூதர் அர்விட் பார்டோ எழுந்து, ஆழ்கடல் தரை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லை, மனிதகுலம் முழுவதற்கும் பொதுச் சொத்து என்று அறிவிக்க வேண்டும் என நீண்ட உரை ஆற்றினார். தொழில்நுட்பம் இருந்த பெரிய நாடுகள்கூட அந்த விஷயத்தில் இன்னும் தங்கள் நிலைப்பாட்டை முடிவு செய்திருக்கவில்லை. அந்தக் கருத்து 1982 கடல் சட்ட உடன்படிக்கைக்குள் போனது. இன்று ஆழ்கடல் தரையில் கனிமம் தேட அனுமதி வழங்கும் சர்வதேச ஆணையம் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் இயங்குகிறது. ரஷ்யாவும் சீனாவும் இந்தியாவும் ஆய்வு உரிமத்துக்கு அங்கேதான் விண்ணப்பம் போட்டிருக்கின்றன.